கடைசி பெஞ்சுக்கும் பயிற்சி

சிரித்தது உண்மைதான். அதை மூத்தவள் யாரிடமும் சொல்லவில்லை, புருஷனிடம்கூட.

அன்று சனிக்கிழமை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இல்லை, பயிற்சி மட்டும். இந்த மாதிரிப் பயிற்சிகள் எப்போதும் டீச்சர்களோடு முடிந்துவிடும். மற்றவர்கள் நாற்காலி போடுவார்கள், டீ கொடுப்பார்கள், நாற்காலியை எடுத்து அடுக்குவார்கள். இந்த வருஷம் புதிதாக வந்த பெரிய டீச்சர் அதை மாற்றிவிட்டார். பிள்ளைகளைத் தொட்டுப் பழகுகிற எல்லோரும் உட்கார்ந்தாக வேண்டும் என்றார். ஆகவே வேன் டிரைவர், வாட்ச்மேன், சமையல்கட்டுப் பெண்கள் இருவர், வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் மூத்தவள் என்று ஐந்து பேருக்குக் கடைசி பெஞ்சு ஒதுக்கப்பட்டது. ஆனால் மதியச் சாப்பாட்டைப் பரிமாறுவதும் பாத்திரம் கழுவுவதும் அந்த ஐவர் தலையில்தான் விழுந்தது. அதை யாரும் மாற்றவில்லை. கழுவிக் கவிழ்த்துவிட்டு அவர்கள் வந்தபோது மதிய வகுப்பு தொடங்கிவிட்டிருந்தது.

ஈரக் கையை உதறிக்கொண்டே மூத்தவள் கூடத்துக்குள் காலை வைத்தாள். உள்ளே ஒரே சிரிப்பு. கரும்பலகைக்கு முன்னால், வாசலுக்கு முதுகைக் காட்டியபடி ஒரு பெண் கூனிக்குறுகி நின்றாள். சட்டைக் காலரை வாயில் கவ்வியிருந்தாள். இரண்டு மணிக்கட்டையும் காதோடு அழுத்திக்கொண்டு, மூக்கால் ‘ங்ங்ங்’ என்று இழுத்தபடி, ஒரு காலை மற்றொரு கால் மேல் தேய்த்துத் தேய்த்து, நின்ற இடத்திலேயே சுற்றினாள். முன்வரிசையில், பள்ளிக்கூடம் முழுக்க விசில் டீச்சர் என்று கூப்பிடுகிறவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கிற கூட்டத்துக்குள் நுழைகிறவர்களுக்குக் காரணம் தேவைப்படுவதில்லை. மூத்தவளும் சிரித்தாள். வாய்விட்டே சிரித்தாள்.

முதலில் அந்தக் கால் புரிந்தது. பிறகு அந்தச் சத்தம். இது என் பிள்ளை அல்லவா என்று உறைத்தபோது அந்தப் பெண் ஒரு சுற்று முடித்துத் திரும்பினாள். அவள் இளையவள், மூத்தவளின் ஓரகத்தி. அண்ணன் தம்பிகளைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் குடியிருக்கிறவர்கள். இருவர் கண்களும் சந்தித்தன. மூத்தவளின் வாய் அப்போதும் மூடியிருக்கவில்லை.

“அருமை, அருமை” என்று கைதட்டினார், பயிற்சி கொடுக்க வெளியூரிலிருந்து வந்திருந்தவர். எது சொன்னாலும் அருமை என்பார். கடைசி பெஞ்சு காலையிலேயே அவருக்கு ‘அருமை சார்’ என்று பேர் வைத்துவிட்டது. “உங்களைப் படுத்தி எடுக்கிற பிள்ளையா நீங்களே மாறிப் பாருங்கன்னு சொன்னேன். பேர் சொல்லக்கூடாதுன்னும் சொன்னேன். டீச்சர் பேரே சொல்லாம எப்படிப் பண்ணாங்க, பார்த்தீங்களா?”

பேர் சொல்லத் தேவை இருக்கவில்லை. கூடத்தில் அருமை சாரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

*

பையனுக்கு ஏழு வயது. வருகைப் பதிவில் ஒரு பேர் இருந்தது. ஆனால் எந்நேரமும் எதையாவது ரீங்காரமிட்டுக்கொண்டே திரிந்ததால் வீட்டில் வண்டு. அந்தப் பேரை வைத்தது சித்தப்பா. மற்றவர் வாயில் வந்தால் மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வரும் பேர்தான். ஆனால் கொழுந்தன் அதைக் கொஞ்சலாகச் சொன்னதால் ஒட்டிக்கொண்டது.

சித்தி வேலை பார்க்கிற பள்ளிக்கூடம், சித்தி எடுக்கிற இரண்டாம் வகுப்பு ஏ பிரிவு என்பதால்தான் அவனைச் சேர்த்தார்கள். அதற்கு முன் இரண்டு பள்ளிக்கூடங்கள் ஒரு மாதத்துக்குமேல் தாங்கவில்லை. மூத்தவள் வேன் வேலைக்குச் சேர்ந்ததும் அவனுக்காகத்தான். சேர்ந்த அன்று இளையவள் சமையலறையில் அவளைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். “தப்பா எடுத்துக்காதீங்கக்கா. ஸ்கூல்ல சொந்தம் கொண்டாடினா மத்தவங்க ஒரு மாதிரி பேசுவாங்க. அங்க நீங்க என்னை டீச்சர்னே கூப்பிடுங்க. அவனையும் அப்படியே கூப்பிடச் சொல்லுங்க.”

மூத்தவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மறுநாள் வராந்தாவில், “ஆயாம்மா, இங்க கொஞ்சம் தண்ணி சிந்தியிருக்கு” என்று அதே வாய் சொன்னபோது, கையிலிருந்த துடைப்பம் கனத்தது. வீட்டில் அக்கா, பள்ளிக்கூடத்தில் ஆயாம்மா. ஒரு வருஷமாக அது அப்படியே ஓடியது.

பயிற்சி நடந்த அன்று சாயங்காலம் மழை கொட்டியது. பஸ்ஸை விட்டு இறங்கி இருவரும் வேறு வேறு குடையில், தெருவின் இந்த ஓரமும் அந்த ஓரமுமாக வீடு வந்தார்கள். உடுப்பை மாற்றியதும் மூத்தவள் செய்த முதல் வேலை, சமையல் மேடையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு அடுப்புகளில் தன்னுடையதைத் தூக்கியதுதான்.

“எங்கக்கா தூக்கிட்டுப் போறீங்க?”

“மாடிப்படிக்குக் கீழ. இங்க நின்னு நான் கரண்டி பிடிக்கிறதைப் பார்த்து வச்சுக்கிட்டு, நாளைக்கு அதையும் ஆடிக் காட்டுவே.”

“அது பயிற்சிக்கா. நான் பேர் சொன்னேனா?”

“பேர் எதுக்கு? பிள்ளையையே கொண்டுபோய் நடுக்கூடத்துல நிறுத்தினியே. எங்கம்மா கத்துக்கிட்டே அதை? டீச்சருக்குப் படிச்ச காலேஜ்லயா, நாடகக் கம்பெனியிலயா?”

“அவனைப் புரிஞ்சுக்கணும்னுதான் அந்தப் பயிற்சியே.”

“புரிஞ்சுக்கிட்டாங்க. விசில் டீச்சர் புரிஞ்சுக்கிட்டுக் கண்ணைத் துடைச்சதை நானும் பார்த்தேன்.”

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். ‘நீங்களும்தானே சிரிச்சீங்க.’ அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தாள். ஆனால் இளையவள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு அரிசி களையத் திரும்பிவிட்டாள். கையில் கல்லை வைத்துக்கொண்டும் எறியாமல் நிற்கிறவளிடம் எப்படிச் சண்டை போடுவது? மூத்தவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

கூடத்தில் உட்கார்ந்து காதைக் குடைந்துகொண்டிருந்த மாமனார் எட்டிப் பார்த்தார். “அடுப்பைப் பிரிச்சுட்டே, சரி. சிலிண்டர் ஒண்ணுதானே இருக்கு? அதை நடுவுல அறுக்கப் போறியா?”

“நீங்க சும்மா இருங்க மாமா.”

அன்று இரவு மாடிப்படிக்குக் கீழே அடுப்பு குளிர்ந்து கிடந்தது. மூத்தவளும் புருஷனும் பிள்ளையும் ரொட்டியை டீயில் தொட்டுத் தின்றார்கள். வெல்டிங் பட்டறையில் நாளெல்லாம் குனிந்துவிட்டு வந்த புருஷன், “பசிக்குது” என்று மட்டும் ஒருமுறை சொன்னான். மறுநாள் பரணிலிருந்து பழைய மண்ணெண்ணெய் அடுப்பை இறக்கித் திரி மாற்றினாள். புகை மாடிப்படி வழியாக மேலே போய், இளையவளும் கொழுந்தனும் படுக்கிற அறையில் நிறைந்தது. அது மூத்தவளுக்குப் பிடித்திருந்தது.

*

திங்கள்கிழமை காலை, வேன் முதல் திருப்பத்தைத் தாண்டுவதற்குள் டிரைவர் மூக்கால் பாட ஆரம்பித்தான். ‘ங்ங்ங்.’ மூத்தவள் பார்த்ததும் நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் சிரித்தான்.

“ரோட்டைப் பார்த்து ஓட்டு” என்றாள். “உன் பிரேக்கு உன்னைவிட நல்லாப் பாடுது. அதைச் சரி பண்ணு முதல்ல.”

“சும்மா தமாசுக்கு.”

“உன் வீட்டுப் பிள்ளையை வச்சுத் தமாசு பண்ணிக்கோ.”

சமையல்கட்டிலும் யாரோ முணுமுணுத்தார்கள். அவள் நுழைந்ததும் நின்றது. மணி அடிக்கும் முன்பே பெரிய டீச்சர் அறையில் போய் நின்றாள்.

“அவனை பி பிரிவுக்கு மாத்திடுங்கம்மா.”

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “ஏன்? ஏ பிரிவுல நல்லாத்தானே உட்கார்ந்திருந்தான்?”

“நல்லா உட்கார்ந்தானோ, உட்கார வச்சு நல்லாப் பார்த்துக்கிட்டாங்களோ. எனக்கு அவங்க வேண்டாம்.”

“பி பிரிவு விசில் டீச்சரோடது.”

“யாரா இருந்தா என்ன? சொந்தக்காரங்க இல்லையே, அது போதும்.”

விசில் டீச்சர் நல்லவள்தான். விளையாட்டு வகுப்பும் அவளே எடுப்பதால் கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்கும். வகுப்பு கொஞ்சம் இரைந்தால் ஓர் ஊது. அடங்கிவிடும். முப்பது பிள்ளைகளும் பழகியிருந்தார்கள். முப்பத்தோராவது பிள்ளை முதல் ஊதிலேயே மேசைக்கடியில் புகுந்தது. பிறகு மணி அடித்தது. அவனை வெளியே இழுக்கப் போன விசில் டீச்சரின் மணிக்கட்டில் பல் பதிந்தது.

செவ்வாய்க்கிழமையும் அப்படியே. புதன்கிழமை வகுப்புக்குள்ளேயே வர மறுத்து, நின்றுகொண்டிருந்த வேனில் தன் மூன்றாவது சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். மழை வேன் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. பெரிய டீச்சர் குடை பிடித்துக்கொண்டு அங்கேயே வந்தார்.

“இப்படியே விட முடியாதும்மா. மத்த பிள்ளைங்களைப் பெத்தவங்க கேட்பாங்க. சனிக்கிழமை பயிற்சியில உட்கார்ந்து பேசுவோம். ஒரு வழி கிடைக்கலேன்னா, பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குன்னே நடத்துறாங்க.”

“தூரமாச்சே. தினம் எப்படிக் கூட்டிட்டுப் போறது?”

“தினம் வேண்டாம். அங்கேயே தங்கணும். லீவுக்கு வருவான்.”

மூத்தவள் பிள்ளையைப் பார்த்தாள். சீட்டின் கிழிந்த ரெக்சினுக்குள் விரலை விட்டு அவன் பஞ்சைத் தொட்டுக்கொண்டிருந்தான். இரவில் அவள் கட்டைவிரலைப் பிடித்தால்தான் தூங்குவான். லீவு வரைக்கும் யார் விரலைப் பிடிப்பான்?

ஏ பிரிவில் ஏறக்குறைய ஒரு வருஷம் அவனை எப்படி உட்கார வைத்தார்கள் என்று தெரிந்தவள் ஒருத்திதான். கேட்டால் போதும்.

“போய்க் கேளேன்” என்றான் புருஷன், அன்று இரவு.

“என் நாக்கு அழுகிப் போனாலும் கேக்க மாட்டேன்.”

“அப்போ பையன் போகட்டுமா?”

“நீங்க கேளுங்க. உங்க தம்பி பொண்டாட்டிதானே.”

“நான் கேட்டா, நீங்களா கேக்கறீங்களா, அக்கா கேக்கச் சொன்னாங்களான்னு கேப்பா. நான் என்ன சொல்ல?”

அதுவும் சரிதான். வியாழக்கிழமை வராந்தாவைப் பெருக்கும்போது, டீச்சர்கள் அறையிலிருந்து விசில் டீச்சரின் குரல் வந்தது. “என்னதான் பண்ணீங்க, சொல்லித் தொலைங்களேன். கை இன்னும் வலிக்குது.” துடைப்பம் தானாக நின்றது.

“என்கிட்ட கேக்காதீங்க” என்றாள் இளையவள். “என்னை நம்பாமத்தானே மாத்தியிருக்காங்க. பெத்தவங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்? அவங்களையே கேளுங்க.”

மூத்தவள் குப்பையை அந்த வாசலிலேயே குவித்துவிட்டு நகர்ந்தாள்.

வெள்ளிக்கிழமை இரவு வண்டு சோற்றையும் அவித்த முட்டையையும் வாய் திறக்காமல் தின்றான். ரீங்காரம் போய் ஐந்து நாள் ஆகியிருந்தது. மாமனார் படுத்தபடியே சொன்னார்: “என் காது மொத்தமாப் போயிடுச்சுன்னு நினைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, பயலோட சத்தமே இல்ல.” மேலறையில் இளையவள் புகைக்கு இருமினாள்.

*

பயிற்சியின் இரண்டாவது சனிக்கிழமை கடைசி பெஞ்சு நேரத்தோடு வந்து உட்கார்ந்தது. பெரிய டீச்சர் சாப்பாட்டைக் கடையில் வாங்கிவிட்டார், கழுவ ஒன்றுமில்லை. அருமை சார் போன வாரத்தை மறக்கவில்லை.

“அந்தப் பையனா மாறிக் காட்டினீங்களே டீச்சர், அதை இன்னொரு தரம் பண்ணுங்க. போன்ல எடுத்துக்கறேன். மத்த ஸ்கூல்கள்ல காட்டலாம். நீங்களே என்கூட வந்து பயிற்சி கொடுக்கலாம்.”

“மாட்டேன் சார்” என்றாள் இளையவள். திரும்பிப் பார்க்கவில்லை.

“கூச்சப்படாதீங்க.”

பெரிய டீச்சர் குறுக்கிட்டார். “நடிப்பு வேண்டாம் சார். இன்னிக்கு ஒரு நிஜமான விஷயம் இருக்கு. ஒரு பிள்ளை ஒரு டீச்சர்கிட்டேருந்து இன்னொரு டீச்சர்கிட்ட போயிருக்கான். புது டீச்சருக்கு அவனை எப்படிப் பார்த்துக்கறதுன்னு தெரியல. திங்கள்கிழமை அவன் இங்க இருப்பானா மாட்டானான்னு இன்னிக்குத் தெரியணும். பழைய டீச்சர் சொல்லட்டும்.”

இளையவள் எழுந்தாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “அவங்க அம்மாவே இங்க இருக்காங்க. கடைசி பெஞ்சுல. ஆயாம்மாவைக் கேளுங்க.”

அந்தச் சொல் போதுமானதாக இருந்தது. மூத்தவள் எழுந்து முன்னால் போனாள். ஓடுகிற வேனிலேயே எதையும் பிடிக்காமல் நடக்கிறவள். அன்று நடுக்கூடத்தில் பெஞ்சு பெஞ்சாகப் பிடித்துக்கொண்டு போனாள்.

“நான் சொல்றேன்” என்றாள். “என் பிள்ளை. நான்தான் பெத்தேன், யாரையும் நடிச்சுக் காட்டச் சொல்லல. அவனுக்குப் பயம் வந்தா இப்படிப் பண்ணுவான்.” உள்ளங்கைகளால் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடி, அவன் சத்தத்தை எழுப்பினாள். தொண்டைக்குக் கீழே, நெஞ்சிலிருந்து, தாழ்ந்த ஒரு ரீங்காரம் வந்தது. “இப்படிப் பண்ணா உடனே வாயைப் பொத்தி மடியில போட்டுக்கணும். அடங்கிடுவான்.”

விசில் டீச்சர் தலையாட்டினாள், நம்பாமல். மணிக்கட்டில் இன்னும் கட்டு இருந்தது.

“அது இல்லக்கா.”

கூடம் முழுவதும் திரும்பியது. இளையவள் வாயிலிருந்து ‘அக்கா’ இந்தக் கட்டடத்துக்குள் அதுவரை வந்ததில்லை. மூத்தவளுக்கும் ஒரு நொடி யாரை என்று புரியவில்லை.

“என்ன இல்ல?”

“கை அப்படி வைக்க மாட்டான். மணிக்கட்டால அழுத்துவான். அந்தச் சத்தமும் பயத்துச் சத்தம் இல்ல. மூக்குல வந்தாத்தான் பயம். நெஞ்சுல வந்தா சந்தோஷமா இருக்கான்னு அர்த்தம். படம் வரையறப்ப, முட்டை சாப்பிடறப்ப அப்படித்தான் பாடுவான்.” இளையவளின் குரல் ஏறியது. “நீ அப்பதான் வாயைப் பொத்தறே. வீட்ல நான் பார்த்துட்டுத்தானே இருக்கேன். சந்தோஷமா இருக்கற பிள்ளையோட வாயைப் பொத்தறே.”

நீங்க என்பது நீ ஆகிவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை.

“பெத்தவளுக்கு நீ சொல்லித் தர்றியா? பார்த்துட்டு இருந்தியே, ஒரு நாள் வந்து சொன்னியா?”

“சொன்னா கேக்கற ஆளா நீ? பாலைத் தண்ணி கலக்காமக் குடுன்னதுக்கே ரெண்டு மாசம் பேசல.”

“சரி, நீ பெரிய கெட்டிக்காரி. அவன் சட்டைக் கழுத்துல சைஸ் போட்டுத் தைச்ச பட்டைத் துணி உரசினா பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆயிடுவான், தெரியுமா? ஒவ்வொரு சட்டையிலயும் நான் கத்திரியால வெட்டி எடுக்கறேன், தெரியுமா? காலர் ஈரமா இருந்தாத்தான் கடிப்பான். மழை நாள்ல மாத்துச் சட்டை வச்சனுப்பறேன். ஒரு நாள் பையைத் திறந்து பார்த்தியா நீ?”

இளையவள் பார்த்ததில்லை. அது அவள் முகத்தில் தெரிந்தது. “எனக்கு என்ன தெரியும், பட்டைத் துணியைப் பத்தி...”

“வேன்ல அவன்தான் முதல்ல ஏறணும், கடைசியா இறங்கணும். வழியெல்லாம் அடுத்து எந்தப் பக்கம் திரும்புவோம்னு சொல்லிட்டே வரணும். சொல்லாம ஒரு திருப்பம் திரும்பினா அன்னிக்கு முழுக்க அவன் உன் வகுப்புல நரகம்தான். அது உனக்கு எங்க தெரியும்? நீதான் சொந்தம் தெரியக்கூடாதுன்னு பஸ்ல வர்றவ.”

“மணிக்கு என்ன பண்ணுவே நீ? சொல்லு. ஒரு நாளைக்கு எத்தனை மணி அடிக்குது.” இளையவள் மேசையைத் தட்டினாள். “மணி அடிக்கப் போற வாட்ச்மேன் தண்ணித் தொட்டியைத் தாண்டறது ஜன்னல் வழியாத் தெரியும். தாண்டின உடனே டஸ்டரை மேசை மேல வைப்பேன். ‘டொப்’புன்னு ஒரு சத்தம். அவனுக்குத் தெரியும். அவனே காதைப் பொத்திக்குவான். மணி அடிச்சு முடிஞ்சதும் அவனே கையை எடுத்துடுவான். ஒரு வருஷமா ஒரு மணிக்குக்கூட அவன் அழல. இந்த ஒரு வாரத்துலதான் அவனை மேசைக்கடியில தள்ளினே.”

பின்பெஞ்சில் வாட்ச்மேன், “என்னைத்தான் பார்த்துட்டு இருந்தாங்களா” என்று டிரைவரிடம் முணுமுணுத்தான். விசில் டீச்சர் எப்போது எழுந்தாளோ, கரும்பலகை பக்கம் போயிருந்தாள். சாக்பீஸ் கட்டையின் கிறீச்சொலி கேட்டது. வேன், முதல் ஏற்றம், கடைசி இறக்கம். சட்டைப் பட்டை. டஸ்டர். சண்டை போடுகிறவர்கள் பின்னால் திரும்பவில்லை.

அருமை சார் மைக்கை எடுத்தார். “நாம கொஞ்சம் அமைதியா...”

“நீங்க உட்காருங்க சார்” என்றார் பெரிய டீச்சர். “அவங்க பேசட்டும்.”

“நானா தள்ளினேன்?” மூத்தவளுக்கு மூச்சு வாங்கியது. “சித்தின்னு ஓடி வந்த பிள்ளையை டீச்சர்னு கூப்பிடச் சொன்னது யாரு? அன்னிலேருந்து உன்னை அவன் என்னன்னு கூப்பிட்டான், சொல்லு. சித்தின்னும் இல்ல, டீச்சர்னும் இல்ல. வாயைப் பொத்தினது நான் மட்டும்தானா?”

இளையவளின் கை மேசை மேலேயே நின்றது. ஒரு வருஷமாக அவன் தன்னை எதுவும் கூப்பிடவில்லை என்பதை அவள் அப்போதுதான் எண்ணிப் பார்ப்பது போல இருந்தது. கண் கலங்கியது. கலங்கியதே கோபமாகவும் மாறியது.

“பேசாதே. ரொம்பப் பேசாதே.”

“பேசுவேன். இத்தனை பேரை அவனைப் பார்த்துச் சிரிக்க வச்சவ நீ.”

“நீயும்தான் சிரிச்சே.”

வந்துவிட்டது. ஒரு வாரமாக மூத்தவள் எதிர்பார்த்தது. அதற்கென்று தயாராக வைத்திருந்த பதில்களை அவள் தேடினாள். தெரியாமல் சிரித்தேன், கூட்டத்தோடு சிரித்தேன், நீ என்று நினைக்கவில்லை.

“ஆமா” என்றாள். “சிரிச்சேன். அவன்தான்னு தெரிஞ்சப்புறமும் உடனே வாயை மூடல.”

மழை ஜன்னல் தகரத்தில் தட்டிக்கொண்டிருந்தது.

“நான் தெரிஞ்சேதான் பண்ணேன்” என்றாள் இளையவள். “கைதட்டுவாங்கன்னு.”

“அது எனக்குத் தெரியும்.”

“அருமை” என்றார் அருமை சார், பழக்கத்தில். ஒருவரும் அவர் பக்கம் பார்க்கவில்லை. மைக்கை மேசைமேல் மெல்ல வைத்தார்.

விசில் டீச்சர் பலகையிலிருந்து திரும்பினாள். விரலெல்லாம் வெள்ளை. “இந்த டஸ்டரை எப்ப வைக்கணும், தொட்டிக்கு முன்னாடியா, தாண்டினப்புறமா?”

“தாண்டினப்புறம்” என்றாள் இளையவள்.

“அதெல்லாம் அப்புறம்” என்றாள் மூத்தவள். “முதல்ல அந்த விசிலைக் கழட்டுங்க டீச்சர்.”

“ஆமா, அதைக் கழட்டுங்க” என்றாள் இளையவளும், அதே மூச்சில்.

விசில் டீச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கயிற்றைத் தலைவழியே உருவி, கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

கடைசியில் பெரிய டீச்சர் கேட்டார். “பாலத்துக்கு அந்தப் பக்கம் இப்போதைக்கு வேண்டாம். பையனை மறுபடி ஏ பிரிவுக்கே மாத்தட்டுமா?”

இளையவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“வேண்டாம்மா” என்றாள் மூத்தவள். “பி-லயே இருக்கட்டும்.”

*

வீட்டில் ஒன்றும் மாறவில்லை. மண்ணெண்ணெய் அடுப்பு மாடிப்படிக்குக் கீழேயே எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கொழுந்தன் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசிப் பார்த்துவிட்டு, கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். வண்டு முட்டையை உரித்து, மஞ்சள் கருவைத் தனியே எடுத்து, நாக்கில் வைத்தான். ஒரு வாரத்துக்குப் பிறகு அந்தச் சத்தம் எழுந்தது. தாழ்ந்து, நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது. மூத்தவளின் கை தானாக அவன் வாயை நோக்கிப் போயிற்று. பாதி வழியில் நின்றது. என்ன செய்வதென்று தெரியாமல், அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோற்றைப் போட்டது.

“வந்துட்டாண்டா” என்றார் மாமனார் கூடத்திலிருந்து.

திங்கள்கிழமை வேன் வந்து நின்றது. வழியெல்லாம் திருப்பம் சொன்னது டிரைவர். “இப்ப இடது பக்கம், சாரே” என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் சொன்னான். மூத்தவள் அவனை முறைத்தாள். தடுக்கவில்லை.

கடைசியாக இறங்கியவனை பி பிரிவு வாசலில் விட்டுவிட்டுத் துடைப்பத்தோடு வராந்தாவில் நின்றாள். பெருக்க ஒன்றுமில்லாத இடத்தையே பெருக்கிக்கொண்டிருந்தாள். வாட்ச்மேன் அறையிலிருந்து புறப்பட்டான். தன்னை எத்தனை கண்கள் பார்க்கின்றன என்று தெரிந்துவிட்டதால், அவன் நடையில் ஒரு மிடுக்கு வந்திருந்தது. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினான்.

பி பிரிவுக்குள் ‘டொப்.’ ஜன்னல் வழியே பார்த்தாள். வண்டு தலையைத் தூக்கி, மேசை மேலிருந்த டஸ்டரைப் பார்த்து, மணிக்கட்டுகளைக் காதுக்குக் கொண்டுபோனான். விசில் டீச்சர் அவனைவிட அதிகமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதே நேரத்தில் சுவருக்கு இந்தப் பக்கமிருந்தும் ஒரு ‘டொப்’ கேட்டது. மூத்தவள் திரும்பினாள். ஏ பிரிவில், யாருக்கும் தேவைப்படாத அந்த டஸ்டரை மேசை மேல் வைத்துவிட்டு, கையை அதன்மேலேயே வைத்தபடி இளையவள் நின்றுகொண்டிருந்தாள். வண்டு உட்கார்ந்திருந்த இடத்தில் வேறு ஒரு பிள்ளை பென்சில் சீவிக்கொண்டிருந்தது.

மணி அடித்தது. நீளமாக அடித்து ஓய்ந்தது. யாரும் அழவில்லை.

இளையவள் வராந்தாவில் நின்றவளைப் பார்த்துவிட்டாள். கையை டஸ்டரிலிருந்து எடுத்தாள். “என்னக்கா?”

அந்த ‘அக்கா’ பிள்ளைகள் காதிலும் விழுந்தது. கேட்கட்டும் என்று இளையவள் விட்டுவிட்டாள்.

“ஒண்ணுமில்ல” என்றாள் மூத்தவள். துடைப்பத்தை இன்னொரு கைக்கு மாற்றினாள். “அதை அவ்வளவு வேகமாப் போடாதே. சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை இருக்கான்.”